பசியின் சின்னம்மா

செப்டம்பர் 24, 1957
இரவு, துணி துவைக்கும் அறை

அக்கா,

உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பேருந்து வந்து நின்றபோது நீ ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். வீட்டுக்கு ஒரு பெண் என்ற கணக்குக்காக என்னை ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ கை கூட அசைக்கவில்லை.

ஆனால் இங்கே சொல்ல ஆளில்லை. விடுதியில் எல்லாரும் தூங்குகிறார்கள். இந்த அறையில் மட்டும் விளக்கை அணைக்க மாட்டார்கள். நான் துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காப்பாளர் மிஸ் க்ரோலியின் இடுப்புச் சாவிச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களை அவள் படித்துவிட்டுத்தான் அனுப்புவாள். இதைப் பால் வண்டி ஓட்டும் கிளிஃபர்ட் மாமாவிடம் கொடுப்பேன்.

அக்கா, நேற்று இரவு நடந்ததைச் சொல்கிறேன். 

என் பக்கத்துக் கட்டிலில் வில்லீன் என்று ஒரு சின்னப் பெண். ஆறு வயது. நேற்று இரவுச் சாப்பாட்டில் அவளுக்குப் புரையேறியது. தண்ணீர் என்று நம் பேச்சில் கேட்டுவிட்டாள். "இங்கே நவாஹோ பேசக்கூடாது" என்று மிஸ் க்ரோலி தட்டைப் பிடுங்கிவிட்டு அவளைப் படுக்க அனுப்பினாள். இரவெல்லாம் வில்லீன் முனகிக்கொண்டிருந்தாள். என்ன என்று போர்வையை விலக்கிப் பார்த்தேன்.

அவள் வயிற்றின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

பெரிய ஆள். நம் வீட்டு மாவுப் பீப்பாயைவிடப் பெரிய வயிறு. கையில் பழுப்பு நிறக் குட்டிக் கள்ளி வைத்து முள்ளோடு மென்றுகொண்டிருந்தான். கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் குலம் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லுவாளே, அது மட்டும் தானாக வந்தது. ஒரே மூச்சில் சொன்னேன்.

"நான் கசப்பு நீர்க் குலம், அப்பா பக்கம் சேற்றுக் குலம், அம்மாவைப் பெத்த தாத்தா உசந்த வீட்டுக் குலம், அப்பாவைப் பெத்த தாத்தா உப்புக் குலம். நீங்க யாரோட பிள்ளைங்க?"

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"நான் பசி. எனக்கு அம்மா இல்ல. அம்மா இல்லாதவனுக்குக் குலம் ஏது? அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதும் இல்ல. பார்த்ததும் ஓடுவாங்க, இல்லேன்னா கல்லை எடுப்பாங்க. கேட்டது நீ ஒருத்திதான்." கள்ளியைக் கீழே வைத்தான். "அப்ப உன் குலமே எனக்கும் இருக்கட்டும். கசப்பு நீர். நீ எனக்குச் சின்னம்மா."

என்னைப் பார்த்து, அக்கா! அவ்வளவு பெரிய ஆள், என்னைப் பார்த்து!

சூரியனின் பிள்ளைகள், அந்த இரட்டையர்கள், அரக்கர்களையெல்லாம் கொன்றார்களே. இவனை மட்டும் ஏன் விட்டார்கள்? உனக்கு அந்தக் கதை தெரியும். உடனே எழுது.

நானிபா

*

செப்டம்பர் 29

நானிபா,

நான் ஒளியவில்லை. கறுப்பி ஆடு கொம்பை முள்வேலியில் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். அவளை எடுத்துவிட்டுத் திரும்பினால் பேருந்தின் புழுதிதான் இருந்தது. கையசைக்க எனக்கென்ன மூன்றாவது கையா? இரண்டிலும் முள். நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் உடம்பு, பயப்படக் கூடாது. நான் மட்டும் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டுக்கொண்டேன். பசிக்குச் சின்னம்மாவா? உனக்கு வயது பத்து. இரவில் வெளியே போக என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீ. உன் மகனுக்கோ மலைகளின் வயது. நல்ல குடும்பம்!

குட்டித் தம்பி நன்றாக இருக்கிறான். கொழுகொழுவென்று, பலகைத் தொட்டிலில் வைத்துக் கட்ட நாடா போதவில்லை. இன்னும் சிரிக்கவில்லை. முதல் சிரிப்பு எந்த நாளும் வரலாம் என்று அம்மா சொல்கிறாள். அதற்காக வருகிறவர்கள் எல்லாம் கூத்தடிக்கிறார்கள். கிளிஃபர்ட் மாமா கண்ணை மூக்குப் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். அப்பா குதிரை மாதிரிக் கனைக்கிறார். தம்பி உதட்டைக் கோணினால் போதும், இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிரிக்க வைத்தவர்தானே விருந்து வைக்க வேண்டும்! பிள்ளையின் கையால் எல்லாருக்கும் உப்புக் கட்டி கொடுத்து, கறியும் ரொட்டியும் போட வேண்டுமே. சிரிப்பும் வேண்டும், விருந்தும் வைக்கக்கூடாது. இதுதான் இவர்கள் திட்டம்.

நீ கேட்ட கதையை இப்போது எழுத முடியாது. உனக்கே தெரியும். இன்னும் புல் பச்சையாக இருக்கிறது. நேற்றுகூட விறகுக் கட்டையடியில் பாம்பு பார்த்தேன். அது பொந்துக்குள் போய்த் தூங்காமல் அந்தக் கதைகளைத் திறக்கக்கூடாது. முதல் உறைபனி விழட்டும், எழுதுகிறேன்.

அதுவரை மகனை நீயே பார்த்துக்கொள். சின்னம்மா என்றால் அதட்டி வளர்க்க வேண்டாமா?

ஹஸ்பா

*

அக்டோபர் 3
இரவு

அக்கா,

அதட்டிவிட்டேன்!

நீ விளையாட்டுக்குத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் வேறு வழியில்லை. வில்லீனுக்கு மறுபடியும் சாப்பாடு இல்லை. இந்தத் தடவை அவள் பேசவே இல்லை, பயத்தில் பாலைக் கொட்டிவிட்டாள். அதற்கும் அதே தண்டனை. சமையலறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டும்போது மிஸ் க்ரோலி ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

இரவில் அவன் வந்தான். வந்ததும் என்னைப் பார்த்து, "சாப்டியா சின்னம்மா?" என்று கேட்டுவிட்டு வில்லீன் மேல் ஏறி உட்கார்ந்தான். அவள் தூக்கத்திலேயே தலையணை நுனியைச் சப்ப ஆரம்பித்தாள். நனைந்த துணியைச் சப்பும் அந்தச் சத்தம்! எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. அம்மா நம்மை அதட்டுகிற குரல் என் வாயிலிருந்து வந்தது.

"எந்திரிடா அந்தப் பிள்ளை மேலேர்ந்து! எவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு எங்க உட்காருற? வெட்கமா இல்ல?"

எழுந்துவிட்டான் அக்கா. உண்மையாகவே எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"போ. இனிமே என் ஜனங்ககிட்ட வராத."

"உன் ஜனம்னா யாரு சின்னம்மா?"

"கசப்பு நீர்க் குலம் மொத்தமும்! வில்லீனும் எங்க குலம்தான். ஒருத்தர் விடாம எல்லாரையும் விட்டுட்டுப் போ."

அவன் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. திட்டு வாங்கிய நாய்க்குட்டி பார்க்குமே, அந்த மாதிரி. "சரி. அம்மா சொன்னா கேட்கணும். எல்லாரையும் விடணும்னா கொஞ்ச நாள் ஆகும், வீடு வீடா நடக்கணும்ல. முடிச்சுட்டுக் கரும்பாறைக்குப் பின்னால என் இடத்துக்குப் போயிடுறேன்" என்றான். கள்ளியைப் பொறுக்கிக்கொண்டு போனான். கதவு திறக்கவில்லை, ஆனால் போய்விட்டான்.

வில்லீன் அழாமல் தூங்கினாள். காலையில் எனக்கே பசிக்கவில்லை. அவர்கள் ஓட்ஸ் கஞ்சி எப்படியும் பசை மாதிரிதான் இருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இரட்டையர்களால் முடியாததை நான் செய்துவிட்டேன். உன் கதை இனி எனக்கு வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

நானிபா

*

அக்டோபர் 8

நானிபா,

அவசரமாக எழுதுகிறேன். மாமா வண்டியின் இன்ஜினை அணைக்காமல் காத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் என்னவோ நடக்கிறது. ஐந்தாறு நாளாக அம்மா சாப்பிடவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. "வேணும்னு தோணல" என்கிறாள். எனக்கும் அப்படித்தான். நீலச் சோளக் கஞ்சி கிண்டினேன், வாசனையே வரவில்லை. களிமண்ணைக் கிண்டுவது மாதிரி இருந்தது. ஆடுகள் புல்வெளியில் நின்று புல்லைப் பார்க்கின்றன. வெறுமனே பார்க்கின்றன. கறுப்பியின் வாயருகே நானே புல்லைக் கொண்டுபோனேன். இது எதற்கு என்பது போல அவள் என்னைப் பார்த்தாள்.

ஆனால் அப்பா சாப்பிடுகிறார்! முழங்கை வரை கறிச்சாறு வழியச் சாப்பிடுகிறார். "உங்களுக்கெல்லாம் என்னாச்சு? எல்லாத்தையும் எனக்கே வச்சுட்டீங்க?" என்று கேலி செய்தார். அவர் குதிரையும் வைக்கோலை ஒரு பிடி விடவில்லை. நேற்று முதல் அப்பா கேலி செய்வதை நிறுத்திவிட்டார். ஏனென்றால் தம்பி மார்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அழவில்லை. முகத்தை மட்டும் திருப்புகிறான். ஸ்பூனில் ஊற்றினால் பாதி உள்ளே போகிறது, பாதி கழுத்தில் வழிகிறது.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. வாளியில் தண்ணீர் எடுக்கப் போனேன், மேலே ஐஸ் கண்ணாடி மாதிரி கட்டியிருந்தது. உறைபனி விழுந்துவிட்டது. உன் கடிதம் ஒரு கையில், வாளி ஒரு கையில். அப்படியே நின்றுவிட்டேன். வாளியை எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை, கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது சொல்லலாம், கேள். இரட்டையர்களில் மூத்தவன் கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு பசியிடம் போனான். பசி ஓடவில்லை. "அடிக்கணும்னா அடி. ஆனா நான் செத்தா எவனும் விதைக்க மாட்டான், வேட்டைக்குப் போக மாட்டான். கறி வேகிற வாசனைக்கு யாரும் வீட்டுக்கு ஓடி வர மாட்டாங்க. வாயில போடுறது எல்லாம் மண்ணாயிடும். பிள்ளை பால் கேக்காது" என்றான். மூத்தவன் ஆயுதத்தைக் கீழே இறக்கினான். தோற்றுப்போய் அவனை விடவில்லை. தெரிந்தேதான் விட்டான்.

நானிபா, ஆடுகள் அம்மாவுடையவை. குதிரை அப்பாவுடையது. அப்பா சேற்றுக் குலம். அம்மா, நான், நீ, தம்பி எல்லாரும் கசப்பு நீர்.

என்ன செய்துவிட்டாய்? நான் என்ன சொல்லிவிட்டேன்?

ஹஸ்பா

*

அக்டோபர் 11
இரவு

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் என் காது அடைத்துவிட்டது. வகுப்பில் டீச்சர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

உணவுக் கூடத்தில் போய்ப் பார்த்தேன். நிறையத் தட்டுகள் காலி. அங்கங்கே சில தட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் போய்க் காதில் கேட்டேன், நீ என்ன குலம் என்று. கேட்க வேண்டிய தேவையே இல்லை. கசப்பு நீர். கசப்பு நீர். கசப்பு நீர். நான் செய்தது, அக்கா. எல்லாம் நான் செய்தது.

வில்லீனைக் காப்பாற்றிவிட்டேன் என்று ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேனே. அவள் கன்னம் உள்ளே போய்விட்டது. இப்போது அழுவதே இல்லை. தலையணையைச் சப்புவதும் இல்லை. இரவில் அமைதியாக இருக்கிறாள், நான் அவள் மூக்கின் கீழே விரல் வைத்து வைத்துப் பார்க்கிறேன். "இந்தப் பெண்கள் நன்றாக அடங்கிவிட்டார்கள்" என்று மிஸ் க்ரோலி சமையல்காரியிடம் சொன்னாள். சாப்பாட்டை நிறுத்துவதாகப் பயமுறுத்தினாலும் பயப்பட ஆளில்லை, அதுவும் அவளுக்குப் புரியவில்லை.

இரவில் எல்லா மூலையிலும் கூப்பிட்டுப் பார்த்தேன். மெதுவாக, பிறகு சத்தமாக. அவன் வரவில்லை. எத்தனையோ நாள் வரக்கூடாது என்று வேண்டிய ஆளை வா வா என்று இருட்டில் கூப்பிடுகிறேன்.

கரும்பாறை இங்கிருந்து ஜன்னலில் தெரிகிறது. முள்வேலிக்கு அப்பால், காய்ந்த ஓடையைத் தாண்டி. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வெளியே பனி விழுகிறது. என் சப்பாத்தில் ஓட்டை இருக்கிறது. பிடித்தால் மிஸ் க்ரோலி முடியை வெட்டிவிடுவாள். போன மாதம் ஓடப்பார்த்த பெண்ணுக்கு அப்படித்தான் செய்தாள், காது வரைக்கும்.

நான் போகாமல் வேறு யாராவது போக முடியுமா? நீ சொல். நீ போக வேண்டாம் என்று சொன்னால் போக மாட்டேன்.

நானிபா

*

அக்டோபர் 13

நானிபா,

நேற்று நான் வாசலில் நின்று கிழக்கே பார்த்துக் கூப்பிட்டேன். "பசி, வீட்டுக்கு வா, நானும் கசப்பு நீர்தான், நானும் உனக்குச் சின்னம்மாதான்" என்று. நாய்தான் வந்தது. அதுவும் வாலாட்டிவிட்டுப் போய்விட்டது. குலம் சொன்னது நீ. போகச் சொன்னதும் நீ. அவன் காதில் உன் குரல்தான் ஏறும்.

அப்பா குதிரையில் டாக்டரைக் கூட்டிவரப் போயிருக்கிறார். பாதை பனியில் மூடிவிட்டது. தம்பியின் நாடா இப்போது தளர்ந்து தொங்குகிறது. முன்பு போதவில்லை என்று எழுதினேன், இல்லையா? அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு பால் கட்டிய வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பிள்ளை இருட்டுல போக பயப்படுமே" என்று மட்டும் சொன்னாள்.

விசிலடிக்காதே. திரும்பிப் பார்க்காதே. நரி குறுக்கே போனால் சோள மகரந்தம் தூவாமல் நடக்காதே. உன்னிடம் மகரந்தம் இல்லையே. என்ன செய்வாய் என்று தெரியவில்லை.

போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னாய். பேனாவை மூன்று தடவை கீழே வைத்து எடுத்தேன்.

போ.

ஹஸ்பா

*

அக்டோபர் 16
இரவு

அக்கா,

என் முடி காது வரைக்கும்தான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பார்த்ததும் நீ கத்தக்கூடாது. மற்றது எல்லாம் இருக்கிறது.

உன் கடிதம் வந்த இரவே போனேன். இரவுச் சாப்பாட்டு ரொட்டியைக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். வாயில் போட்டால் மண் மாதிரிதான் இருந்தது, ஆனாலும் வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப் போகக்கூடாது அல்லவா? துவைக்கும் அறை ஜன்னலில் இறங்கி, வேலிக்கு அடியில் ஊர்ந்து போனேன். ஓடைக்குள் இறங்கியதும் நரி. சரியாக என் முன்னால் குறுக்கே நடந்து, நின்று, என்னைப் பார்த்தது. மகரந்தம் இல்லை. சட்டைப் பையில் காலையில் கொடுத்த கார்ன்ஃப்ளேக்ஸ் கொஞ்சம் இருந்தது. அதுவும் சோளம் என்றுதான் அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கிறது! நொறுக்கித் தூவி, மன்னிப்புக் கேட்டேன். நரி திரும்பி வந்து, தூவியதை நக்கித் தின்றுவிட்டு, தும்மிவிட்டுப் போனது.

அதற்கப்பால் இரண்டு பாறைகள். நடுவில்தான் வழி. நான் கிட்டே போனதும் டமார் என்று மூடிக்கொண்டன. கதையில் வருமே, ஆளை நசுக்கும் பாறைகள். அவை திரும்பத் திறந்தபோது உள்ளே நசுங்கிய எலும்புகள் தெரிந்தன அக்கா. மான் எலும்பு என்று நினைத்துக்கொண்டேன். நின்ற இடத்திலேயே என் கால் நனைந்துவிட்டது, அது பனியால் இல்லை. வேறு எதுவும் தெரியாததால் மறுபடியும் குலம் சொன்னேன். பல் அடித்துக்கொண்டதில் சேற்றுக் குலத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

"யேய், கசப்பு நீராம்டா. நம்ம அப்பா வழி" என்றது ஒரு பாறை.

"அப்ப இது நமக்கு அத்தையா? இத்தனூண்டு அத்தையா?" என்றது மற்றது. இரண்டும் சிரித்ததில் மேலிருந்து பனி என் தலையில் கொட்டியது. "போங்க அத்தை, போங்க. பார்த்து, பாவாடை!"

ஓடினேன். கடைசியில் வேண்டுமென்றே மூடிப் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டன. கிழித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் சிரிப்பு கேட்டது. அத்தையைக் கேலி செய்யாத மருமகன் எங்கேயும் இல்லை போல.

கரும்பாறைக்குப் பின்னால் அவன் இருந்தான். முதலில் அவன்தான் என்று தெரியவில்லை. அந்த வயிறு எங்கே? எலும்பின் மேல் தோல் தொங்கிக்கொண்டிருந்தது, காலி மாவுப் பை மாதிரி. சுற்றிலும் கள்ளி, ஒன்றையும் தொடவில்லை. பசி பட்டினி கிடந்து இளைக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"நீதானே போகச் சொன்ன."

"இப்ப நான்தான் வரச் சொல்றேன்."

அவன் தலையை அசைத்தான். "போன்னு சொன்னா போகத் தெரியும் சின்னம்மா. உலகம் உண்டான நாள்லேர்ந்து எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வான்னு சொன்னா எப்படி வரணும்னு தெரியாது. எனக்கு வழி தெரியல." அவன் பொய் சொல்லவில்லை. எழுந்து நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு அடி வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

நான் அழுதேன். தம்பியைப் பற்றிச் சொன்னேன், வில்லீனைப் பற்றிச் சொன்னேன். அவனும் அழுதான், ஆனால் எழ முடியவில்லை. மூக்கைத் துடைக்கும்போது காலுறை ரொட்டி காலில் உறுத்தியது. எடுத்துப் பார்த்தேன். நசுங்கி, ஈரமாகி, என் கால் வாசனையோடு இருந்தது. அம்மா நம்மை எப்படிக் கூப்பிடுவாள்? வா என்று கூப்பிட்டால் நாம் எங்கே வருவோம்? ஆட்டுப்பட்டியிலிருந்து, மலைச்சரிவிலிருந்து, சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், ஒரே ஒரு கூப்பிடுதலுக்குத்தானே வருவோம்.

ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினேன்.

"மகனே, சாப்பிட வாடா."

அவன் என்னைப் பார்த்தான். வாய் கோணியது. "என்னைச் சாப்பிடக் கூப்பிட்டதே இல்ல, யாருமே" என்றான். எழுந்தான். நேராக, ஒரு தடுமாற்றம் இல்லாமல் என்னிடம் வந்து வாங்கிக்கொண்டான். அவன் முதல் வாய் கடித்ததும் ஒரு உறுமல் கேட்டது. கரடி என்று நினைத்து அலறிவிட்டேன். என் வயிறு அக்கா! என் வயிறுதான்! மற்றப் பாதி ரொட்டியை வாயில் திணித்தேன். காலுறை வாசனையோடு அவ்வளவு ருசி. அழுதுகொண்டே தின்றேன்.

"இனிமே சின்னப் பிள்ளைங்க மேல ஏறி உட்காராத" என்றேன். "பக்கத்துல உட்காரு. சாப்பாட்டுக்கு முன்னால வா, முடிஞ்சதும் நகர்ந்துக்கோ."

"பக்கத்துலதான் உட்காருவேன் சின்னம்மா. கதவைப் பூட்டிட்டா எழுந்து போக வழி இல்லாம மேல சாஞ்சிடுறேன். பூட்டுறது நான் இல்லையே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் தப்பான ஆளை அதட்டியிருக்கிறேன்.

"அப்ப பூட்டுறவ பக்கத்துல போய் உட்காரு."

திரும்பி வந்து ஜன்னலில் ஏறும்போது மிஸ் க்ரோலி காலைப் பிடித்துவிட்டாள். அன்று இரவே முடி போனது. நான் அழவில்லை. முடியை வெட்டும்போது அவள் கை நடுங்கியது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு என்ன ஆகிறது? நான் இப்போதுதானே சாப்பிட்டேன்" என்றாள். அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவள் சமையலறைக்கு ஓடினாள். சாவி பூட்டில் நுழையவில்லை, கை அவ்வளவு உதறியது. நான்தான் வாங்கித் திறந்துவிட்டேன். நின்றபடியே ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றாள். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் வில்லீன் நிற்கிறாள், தலையணையைப் பிடித்துக்கொண்டு. "பசிக்குது" என்றாள். நம் பேச்சில்தான் சொன்னாள்.

மிஸ் க்ரோலி அவள் முன்னால் குனிந்தாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

அன்றிலிருந்து சமையலறை பூட்டப்படவில்லை. அவள் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

தம்பி எப்படி இருக்கிறான்? உடனே எழுது. நல்லதாக இல்லையென்றாலும் எழுது.

நானிபா

*

அக்டோபர் 20

நானிபா,

தம்பி அம்மாவைக் கடித்துவிட்டான். பல்லே இல்லை, ஈறால் கடித்தான். அம்மா "ஐயோ" என்று கத்தியதும் நான் விறகைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் வலியில் அழுதுகொண்டே சிரிக்கிறாள், அவன் மூச்சு விடக்கூட நிறுத்தாமல் குடிக்கிறான். நீ பாறைக்குப் போன அதே விடியல். டாக்டர் வந்து பார்த்துவிட்டு எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கோபித்துக்கொண்டார். ஆடுகள் பனியைக் கிளறிப் புல்லைத் தேடுகின்றன. அப்பாவின் குதிரைக்கு வைக்கோல் போதவில்லை, கறுப்பி திருடுகிறாள்.

ஆனால் இதையெல்லாம் சொல்ல இவ்வளவு அவசரமாக எழுதவில்லை. நேற்று ஒன்று நடந்தது, இன்னும் எங்களுக்கு வாய் மூடவில்லை.

கறி வெந்துகொண்டிருந்தது. எல்லாரும் பசியோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாமா கண்ணைத் திருப்பவில்லை, அப்பா கனைக்கவில்லை, யாரும் தம்பியைப் பார்க்கவே இல்லை. அவன் தொட்டிலிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று சிரித்தான். வாய் முழுக்க, சத்தமாக, உடம்பு குலுங்க. முதல் சிரிப்பு!

"யாரு சிரிக்க வச்சது?" என்று அம்மா கேட்டாள்.

"சத்தியமா நான் இல்ல" என்றார் மாமா. "நான் கறியைப் பார்த்துட்டு இருந்தேன்" என்றார் அப்பா. எல்லாரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் எங்கள் எல்லார் வயிறும் ஒரே நேரத்தில் கூவியது, நானிபா.

அப்பாவின் கையிலிருந்த கரண்டி சாற்றுக்குள் விழுந்துவிட்டது.

அம்மாதான் முதலில் பேசினாள். "சிரிக்க வச்சவன் விருந்து வைக்கணும். அதுல மாத்தம் இல்ல" என்றாள். "அவனுக்கு அடுப்பு இல்லையே, ஆடு இல்லையே" என்றேன். "பசிக்கு இல்லாட்டி என்ன? அவன் சார்பா அவனோட அம்மா நிக்கட்டும்" என்றாள்.

ஆகவே விருந்து வைக்க வேண்டியவள் நீ. அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து இதைத்தான் சொல்லப் போகிறார், மகன் வீட்டு விசேஷம் என்று. மிஸ் க்ரோலி மறுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை வண்டியோடு வருகிறார். வில்லீனையும் கூட்டி வா, அவளும் நம் ஜனம்தானே. உப்புக் கட்டிகளை உடைத்துத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். மாவு பிசைய நான் வருவேன், ரொட்டி நீதான் தட்ட வேண்டும்.

இந்தத் தடவை பேருந்து வந்தாலும் வண்டி வந்தாலும் நான் வெளியே நிற்பேன். கறுப்பி வேலியில் மாட்டிக்கொண்டு கத்தினால் கத்தட்டும். இரண்டு கையும் காலியாக வைத்துக்கொண்டு நிற்பேன்.

சீக்கிரம் வா. அடுப்புப் பக்கத்து இடத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை, விட்டு வைத்திருக்கிறோம். என் கண்ணுக்கு அவன் தெரியவில்லை. ஆனால் சாயங்காலமானால் என் வயிறு மெதுவாகக் கேட்கிறது, சின்னம்மா எப்ப வரும் என்று.

ஹஸ்பா